சைக்கிளில் வேலைக்குப் போகிற வழியில் சந்தித்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சைக்கிளில் வேலைக்குப் போவதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே உடம்புக்கு நல்லது, பெட்ரோல் செலவு இல்லை என்பதோடு முடிந்துவிடுகிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் பல வருடம் போய்வந்த பிறகு என் மனதில் நிற்பவர்கள் வழியில் பார்த்த ஆட்கள்தான். காரில் போகும்போது சுற்றிலும் வண்டிகள்தான் தெரியும். சைக்கிளில் நமக்கும் தெருவுக்கும் நடுவில் கண்ணாடி கிடையாது, வேகமும் மணிக்கு 15, 20 கிலோமீட்டர்தான். எதிரே வருகிறவரின் முகம் தெரிகிறது, பேசுவது காதில் விழுகிறது. நம் முகமும் அவருக்குத் தெரிகிறது. சாலையில் என்னைக் காப்பாற்றுவதில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு லாரி ஓட்டுநர். வேலை செய்யும் இடத்துக்குச் சரக்கு இறக்க வருபவர். ஒருநாள் நான் சைக்கிளை நிறுத்திப் பூட்டிக்கொண்டிருந்தபோது கிட்டே வந்து, "சார், ஒரு நிமிஷம் மேலே ஏறி என் சீட்ல உட்காருங்க" என்றார். எதற்கென்று புரியவில்லை, ஆனாலும் ஏறினேன். உட்கார்ந்ததும் முதலில் தோன்றியது உயரம்தான். தெரு எங்கோ கீழே கிடக்கிறது. அவர் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லாரியின் பின்னால் போனார். கண்ணாடியில் தெரிந்தார். அப்படியே ஓரப்பக்கமாக முன்னே வந்தார். கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் காணவில்லை. தலையைத் திருப்பினேன், எட்டிப் பார்த்தேன், ஆள் இல்லை. கீழேயிருந்து என் சைக்கிளின் பெல் சத்தம் மட்டும் வருகிறது. இரண்டு முறை, மூன்று முறை அடித்தார். சத்தம் இவ்வளவு கிட்டே கேட்கிறது, ஆளும் தெரியவில்லை, சைக்கிளும் தெரியவில்லை. அப்புறம் பம்பருக்கு முன்னால் வந்து ஒட்டி நின்றார். அங்கேயும் அப்படித்தான், கையைத் தூக்கி ஆட்டியபோதுதான் விரல்கள் தெரிந்தன.

இறங்கி வந்ததும் சொன்னார்: "சிக்னல்ல எங்க பக்கத்துல வந்து நிக்கிறாங்க சார். நாங்க வேணும்னு இடிக்கிறதில்ல. கண்ணாடியில என் மூஞ்சியைத் தேடுங்க. என் மூஞ்சி உங்களுக்குத் தெரியலைன்னா நீங்களும் எனக்குத் தெரியல." பிறகு தரையில் காலால் கோடு போட்டுக் காட்டினார். நீளமான வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பாதி நம்மைத் தாண்டிப் போய்விட்டதே என்று நிம்மதியாக நிற்கிறவர்களைப் பின்சக்கரம்தான் பிடிக்கும் என்றார். அன்றிலிருந்து நிற்கிற பெரிய வண்டியின் ஓரத்தில் நுழைந்து முன்னால் போவது என்பதே என்னிடம் கிடையாது. பின்னால் நின்று, அது போன பிறகுதான் நகர்வேன்.

அவருக்கு இதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருப்பார்கள். சொல்லுங்கள்.

*

லாரிக்காரர் கதையைப் படித்ததும் எனக்கு ஒரு கார்க்காரர் ஞாபகம் வந்தார்.

நான் போகிற வழியில் ஒரு பக்கம் முழுக்கக் கார்கள் வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து ஒரு கதவு அகலத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே தள்ளித்தான் ஓட்டுவேன். பின்னால் வருகிறவர்களுக்கு இது பிடிக்காது. ஹார்ன் அடிப்பார்கள், "ஓரமா போம்மா" என்று கத்துவார்கள். நான் நகர மாட்டேன். பெண் என்பதால் கத்தினால் ஒதுங்கிவிடுவாள் என்று எதிர்பார்க்கிறவர்கள் உண்டு, அவர்களுக்காகவும் நகர மாட்டேன். பின்னால் வருகிறவருக்கு நான் கண்ணெதிரே தெரிகிறேன், அவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மூடியிருக்கிற கதவு எப்போது திறக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு காலையில் அப்படித்தான் திறந்தது. படாரென்று முழுக்க. கதவின் முனை என் ஹேண்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. தள்ளி ஓட்டியதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மனிதர் இறங்கி வந்தபோது அவர் கைதான் நடுங்கியது. திட்டப்போகிறேன் என்று காத்திருந்தார் போல. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. "கதவு ஓரத்துக் கையால திறக்காதீங்க சார், அடுத்த கையை நீட்டித் திறங்க" என்று சொல்லி, அவரையே திரும்பக் காரில் உட்காரச் சொல்லி செய்யவும் வைத்தேன். தூரத்துக் கையை நீட்டும்போது உடம்பு தானாகத் திரும்பும், கண் கண்ணாடியையும் பின்பக்கச் சாலையையும் பார்த்துவிடும். கதவும் ஒரே வீச்சில் திறக்காது. பிரிட்டனின் சாலை விதி நூலில் 2022 ஜனவரியில் செய்த திருத்தத்தில் இப்படித் திறக்கச் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். யாரும் காசு செலவழிக்க வேண்டியதில்லை, கை பழகினால் போதும்.

சில வாரம் கழித்து அதே இடத்தில் அதே கார். பின்சீட்டிலிருந்து ஒரு பையன் இறங்கினான். புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, குறுக்கே கையை நீட்டி, தலையைத் திருப்பி, நான் தாண்டிப் போகும்வரை கதவைப் பாதி திறந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு நாள் முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

*

எனக்கு மனிதர்களைவிட நாய்கள்தான். ஒரே ஒரு திருப்பம், அங்கே ஐந்தாறு. மிதித்து வேகமாக ஓட்டினால் இன்னும் வேகமாகத் துரத்தும், ஓடுகிறதைத் துரத்துவது அவற்றின் இயல்பு.

அந்தத் தெருவில் வாசல் கூட்டுகிற ஒரு அம்மா சொன்னதைத்தான் இப்போதும் செய்கிறேன். "இறங்கிடு தம்பி. சைக்கிளை நடுவுல வச்சுக்கோ. மெதுவா நட, அதட்டு, முதுகைக் காட்டாதே." நின்றுவிட்டால் பெரும்பாலும் அவற்றுக்குச் சுவாரஸ்யம் போய்விடுகிறது. இப்போது அந்தத் திருப்பத்தில் அம்மா இருந்தால் பேசிக்கொண்டே தள்ளிக்கொண்டு போகிறேன், நாய்கள் வாலை ஆட்டுகின்றன.

ஒன்று மட்டும் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். கடித்தாலோ நகம் பட்டுக் கீறினாலோ, சின்னக் காயம்தானே என்று வேலைக்குப் போய்விடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி போட வேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

*

எங்கள் வழியில் ஒரு பெரியவர் காலை நடை போவார். தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். ஒரு வாரத்தில் எனக்குத் திரும்பத் திரும்பப் பின்சக்கரம் பஞ்சர். டியூபை மாற்றுவேன், மறுநாள் மறுபடி காற்று இறங்கியிருக்கும். டயரின் உள்ளே விரலை விட்டுத் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஓரமாக உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பெரியவர் நின்றார். "டியூபை முழுசா உருவாதீங்க. வால்வு எங்க இருந்துச்சோ அந்த இடத்தை டயர்ல அடையாளம் வச்சுக்குங்க" என்றார்.

டியூபில் காற்றடித்துக் காதருகே கொண்டுபோனதில் ஓட்டை எங்கே என்று தெரிந்தது. வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று டயரோடு வைத்துப் பார்த்தால், முள் டயரில் இந்த நாலு விரல் இடத்துக்குள்தான் இருக்க வேண்டும். அங்கே தடவினேன், இல்லை. பெரியவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பழைய பருத்தித் துணி. அதை டயரின் உள்ளே அந்த இடத்தில் மெதுவாக இழுத்தார். ஒரு நூல் மாட்டிக்கொண்டது. அந்த இடத்தில் டயரை வளைத்துப் பார்த்தால் தலைமுடி கனத்தில் ஒரு இரும்புக் கம்பி, நுனி மட்டும். வளைத்தால்தான் வெளியே வருகிறது, விட்டால் உள்ளே போய்விடுகிறது. சக்கரத்தில் பாரம் ஏறும்போது மட்டும் குத்தும், அதனால்தான் விரலுக்கு அகப்படவில்லை. பெரிய வண்டிகளின் டயருக்குள் கம்பி வலை இருக்கும், அந்த டயர் வெடித்துச் சிதறினால் இந்தக் கம்பித் துண்டுகள்தான் சாலை ஓரத்தில் கிடக்கும் என்றார். நகவெட்டியால் பிடித்து இழுத்தோம். வந்துவிட்டது.

அவர் மில்லில் வேலை பார்த்தவராம். ஓய்வு பெறும்வரை சைக்கிளில்தான் போயிருக்கிறார். அதற்கப்புறம் தினமும் அவரைப் பார்த்தால் ஒரு காலை ஊன்றி நின்று நாலு வார்த்தை பேசாமல் போவதில்லை. வேலைக்கு ஐந்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை.

*

நான் மருத்துவமனையில் இரவுப் பணி. போகும்போதும் இருட்டு, சில மாதங்களில் வரும்போதும் இருட்டு. பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, மினுங்குகிற மேல்சட்டை எல்லாம் உண்டு. ஒருநாள் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற வேன் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, "உங்க காலைத்தான் முதல்ல பார்த்தேன், ரொம்ப தூரத்துலேயே" என்றார். கணுக்காலில் ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டை கட்டியிருப்பேன். மேலும் கீழும் போய்வருகிற இரண்டு வெளிச்சத்தைப் பார்த்ததும் அது மிதிக்கிற மனிதக் கால் என்று மூளை பிடித்துக்கொள்கிறது. அசையாத ஒரு சிவப்புப் புள்ளி எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். இரவில் ஓட்டுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது அந்தப் பட்டை என்பேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். முன்விளக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்து வையுங்கள். எதிரே வருகிற சைக்கிள்காரரின் விளக்கே கண்ணைக் குருடாக்குகிறது.

உடம்புக்கு நல்லது என்று சொல்வதைப் பற்றியும் ஒன்று. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 2,60,000-க்கும் மேற்பட்டவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு, காரிலோ பொதுப் போக்குவரத்திலோ போகிறவர்களைவிட, எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள் மட்டுமே காரணம் என்று அந்த வகை ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் புகைப்பழக்கம், உணவு மாதிரியானவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. நான் தினமும் வார்டில் பார்க்கிறதை வைத்துப் பார்த்தால் எனக்கு அதை நம்புவதில் சிரமம் இல்லை.

*

எங்கள் வழியில் பாலம் ஒன்று இருக்கிறது, மாலையில் எப்போதும் எதிர்காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே அதே 20-இல் காற்று அடித்தால், உடம்பில் மோதுவது 40-இல் வருகிற காற்று, எதிர்ப்பு நான்கு மடங்கு. அதனால் பாலத்தில் நானும் எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு தம்பியும் முன்பின் மாறி மாறி ஓட்டுவோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது லேசாகும். பேசி வைத்துக்கொண்டதில்லை. பள்ளம் வந்தால் முன்னால் போகிறவர் கையைக் கீழே நீட்டிக் காட்டுவார். பாலம் முடிந்ததும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

*

எல்லாம் நன்றாக இருக்கிறது. முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி. முகத்தைப் பார் என்கிறீர்கள். கறுப்புக் கண்ணாடி ஒட்டிய காரில் முகம் எங்கே தெரிகிறது? இரவில் ஹெட்லைட்தான் தெரிகிறது. அடுத்த மாதத்திலிருந்து சைக்கிளில் போகலாம் என்றிருக்கிறேன், குறுக்குத் தெருக்கள்தான் பயமாக இருக்கிறது.

*

சரியான கேள்வி. அதோடு, முகம் தெரிந்தாலும் அது முழு உத்தரவாதம் இல்லை. ஓட்டுநரின் கண் நம் பக்கம் திரும்பியிருக்கும், ஆனால் மனதில் நாம் பதிந்திருக்க மாட்டோம். காரையும் லாரியையும் எதிர்பார்த்துத் தேடுகிற கண்ணுக்கு ஒல்லியான சைக்கிள் நழுவிவிடும். "பார்த்தேன், ஆனா கவனிக்கல" என்று விபத்துக்குப் பிறகு சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை.

குறுக்குத் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கிற வண்டியில் நான் முகத்தோடு முன்சக்கரத்தையும் பார்ப்பேன். வண்டி நகர ஆரம்பிக்கும்போது உடல்பகுதி நகர்வது உடனே புலப்படாது. சக்கரம் சுழல்வது சட்டென்று தெரிந்துவிடும், எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதும் தெரியும். இரவில் தெருவிளக்கு இருந்தால் அப்போதும் தெரியும். சக்கரம் அசைந்தால் மிதிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு பிரேக்கிலும் விரலை வையுங்கள். ஓரத்தை ஒட்டி வராமல் கொஞ்சம் உள்ளே தள்ளி வந்தால் அவர் உங்களைப் பார்ப்பதும் சீக்கிரம் நடக்கும், நீங்கள் விலகவும் இடம் இருக்கும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விடுமுறை நாள் காலையில், கூட்டம் இல்லாதபோது, அதே வழியில் ஒருமுறை போய்வந்துவிடுங்கள். எந்தத் தெருமுனையில் சுவர் மறைக்கிறது, எங்கே மணல் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். குறுகலான குறுக்குத் தெரு நிறைய இருந்தால், ஒரு கிலோமீட்டர் சுற்றினாலும் வேறு வழி இருக்கிறதா பாருங்கள். போய்வந்த பிறகு எந்த முனை பயமாக இருந்தது என்று எழுதுங்கள், அதைப் பற்றிப் பேசலாம்.