"கடைசியில சேருவாங்களா?"

காதல் படங்கள் எல்லாமே ஒரே கதைதான் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ஒரே கதைதான். பார்க்கிறார்கள், பிடிக்கிறது, ஏதோ ஒன்று குறுக்கே வருகிறது, சேர்கிறார்கள் அல்லது பிரிகிறார்கள். ஆனாலும் ஒரு படத்துக்குத் தியேட்டரே அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, இன்னொரு படத்துக்குப் பாதிப் பேர் கேன்டீன் பக்கம் போய்விடுகிறார்கள். நான் பார்த்த வரையில் எல்லாம் அந்தக் 'குறுக்கே வருவது' எது என்பதில்தான் இருக்கிறது.

கல்லூரி விடுமுறைகளில் மாமாவின் டிவிடி கடையில் உட்காருவேன். காதல் படம் எடுக்க வரும் அக்காக்கள் முதலில் கேட்பது, "தம்பி, கடைசியில சேருவாங்களா?" சேருவாங்க என்று சொன்னால்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். முடிவைத் தெரிந்துகொண்டு பார்த்தவர்கள்தான். இருந்தும் மறுநாள் திருப்பித் தரும்போது, "ரெண்டு இடத்துல அழுதுட்டேன் தம்பி" என்பார்கள். சேருவார்களா என்ற கேள்விக்காக யாரும் காதல் படம் பார்ப்பதில்லை என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். எப்படிச் சேரப்போகிறார்கள், அதற்குள் என்னென்ன தவறிப்போகும் என்பதற்காகப் பார்க்கிறார்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் படம் 1996-இல் வந்த 'காதல் கோட்டை'. ரயிலில் தொலைந்த சான்றிதழ்களை எடுத்தவன் தபாலில் அனுப்பிவைக்க, கடிதத்திலேயே காதல் வளர்கிறது. அவன் ஜெய்ப்பூரில், அவள் ஊட்டியில். முகம் பார்த்ததே இல்லை. அப்புறம் இருவரும் சென்னைக்கு வந்துவிடுகிறார்கள். அவன் ஆட்டோ ஓட்டுகிறான், அவள் அதே ஆட்டோவில் ஏறுகிறாள். எங்கள் ஊர் தியேட்டரில் அந்த இடத்தில் எழுந்த கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. பெண்கள் பக்கமிருந்து ஒரு பாட்டி, "அடியே, அவன்தான்டி இவன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதையேதான் கத்தத் தோன்றியது.

அந்தப் படத்தில் வில்லன் என்று ஒருவர் வந்து காதலைப் பிரிக்கவில்லை. நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டே இயக்குநர் அகத்தியன் படத்தை நகர்த்திவிட்டார். கடைசியில் ரயில் கிளம்பும் நேரத்தில், அவள் அனுப்பிய ஸ்வெட்டர்தான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. முகத்தை வைத்துத் தொடங்காத காதல் முகத்தை வைத்து முடியவும் இல்லை. படத்துக்கு நடுவிலேயே அந்த உடுப்பை நம் கண்ணில் காட்டிவைத்துவிட்டு, பொறுமையாகக் காத்திருந்து எடுக்கிறார்கள். அந்த ஆண்டு சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இன்றைக்கு அதே கதையை எடுக்க முடியாது, செல்போன் வந்துவிட்டது என்பார்கள். கடிதத்தை வைத்து எடுக்க முடியாது, சரி. தடை வைக்கவே முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். 2018-இல் வந்த '96' படத்தில் போன் இருக்கிறது, வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, பள்ளியில் காதலித்துப் பிரிந்த ராமும் ஜானுவும் ஒரே காரில் ஒரே ராத்திரி சென்னையைச் சுற்றுகிறார்கள். குறுக்கே இருப்பது கடந்துபோன 22 வருடங்களும் அவளுடைய கல்யாணமும். அதை எந்தப் போனாலும் அழிக்க முடியாது. பள்ளிக் காலத்தில் ராம் எத்தனை தடவை கேட்டும் ஜானு பாடாத பாட்டு ஒன்று உண்டு, 'யமுனை ஆற்றிலே'. அவன் வீட்டில் கரண்ட் போன இருட்டில் அவளாகவே அதை எடுக்கிறாள். அவன் பதறி அடித்துக்கொண்டு ஓடி வருகிறான். இருவரும் தொட்டுக்கொள்வது கூட இல்லை. நான் பார்த்த காட்சியில் அங்கே கைதட்டல் எழுந்தது, உடனே நின்றும்போனது. பாட்டைக் கேட்கவேண்டும் என்று ஜனங்களே அமைதியாகிவிட்டார்கள். பக்கத்து இருக்கையில் கணவரோடு வந்திருந்த ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அந்தக் கணவர் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

காதலை வாய்விட்டுச் சொல்லமுடியாத தயக்கம் 1991-இல் 'இதயம்' படத்தில் நாயகன் முரளிக்கு உயிர்ப் பிரச்சினையாகவே ஆனது. அங்கே தயக்கம், '96' படத்தில் காலம். இரண்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய தடைகள் இல்லை, அந்த மனிதர்களுக்குள்ளிருந்தே வந்தவை. அதனால்தான் நம்புகிறோம்.

பின்னாலேயே சுற்றும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பெண் வேண்டாம் என்கிறாள், பேருந்து நிறுத்தத்தில், கல்லூரி வாசலில், வீட்டுத் தெருவில் அவன் வந்து நிற்கிறான், ஒரு பாட்டு முடிவதற்குள் அவளுக்குப் பிடித்துவிடுகிறது. பெரிய ஹீரோ ஒருவரின் படத்தில் இப்படி ஒரு காட்சிக்கு முன்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். என்னோடு வந்திருந்த அக்கா மகள், "இவன் எங்க காலேஜ் வாசல்ல நின்னா நான் போலீஸுக்குத்தான் போவேன், மாமா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அந்தப் படம் அவளைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்துவிட்டது. இது ஒழுக்கம் பற்றிய பேச்சு மட்டும் இல்லை, திரைக்கதையிலும் அது ஓட்டைதான். அவளுக்கு அவனை ஏன் பிடித்தது என்று காட்டாவிட்டால் பிரியும்போது நமக்கு எதற்கு வலிக்கவேண்டும்?

முடிவைப் பற்றி எனக்கு மறக்கமுடியாத ஒரு வாக்குவாதம் பெங்களூரு அறையில் நடந்தது. 2010-இல் 'விண்ணைத்தாண்டி வருவாயா' தமிழிலும், வேறு நடிகர்களோடு தெலுங்கிலும் ஒரே நாளில் வந்தது. கதை ஒன்று, இயக்குநர் கௌதம் மேனன் ஒருவர், முடிவு வேறு. தமிழில் நாயகி ஜெஸ்ஸி வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறாள், நிஜத்தில் சேராதவர்கள் சினிமா இயக்குநராகும் நாயகன் கார்த்திக் எடுக்கும் படத்துக்குள் மட்டும் சேர்கிறார்கள். தெலுங்கில் நிஜமாகவே சேர்ந்துவிடுகிறார்கள். நெல்லூர்க்கார நண்பன் தெலுங்கைப் பார்த்துவிட்டு வந்தான், நான் தமிழைப் பார்த்திருந்தேன். விடிய விடியச் சண்டை. "இவ்வளவு தூரம் காதலிச்சவளை எப்படி விட்டுட்டுப் போக விடலாம்?" என்பது அவன் கட்சி. ஜெஸ்ஸியைக் கொஞ்சம் பார் என்பது என் கட்சி. அவளுக்கு அப்பா முக்கியம், மதம் முக்கியம், அவனைவிட ஒரு வயது பெரியவள் என்ற நினைப்பும் உண்டு. முதல் நாளிலிருந்தே வருகிறாள், விலகுகிறாள், மறுபடி வருகிறாள். அப்படிப்பட்ட ஒருத்தி கடைசியில் விலகிப்போவதில் எனக்கு அதிர்ச்சி இல்லை, வலி மட்டும் இருந்தது. இன்றும் தமிழ் முடிவுதான் சரியானது என்பேன். அவன் இன்றும் ஒத்துக்கொள்ளமாட்டான்.

சேர்ந்தால் அது வலிக்காது என்றும் சொல்லமாட்டேன். 1997-இல் 'காதலுக்கு மரியாதை' கடைசிக் காட்சியில் சேர்த்துவைப்பது இரண்டு அம்மாக்கள்தான். ஓடிப்போனவர்கள் வீட்டார் மனசு நோகக்கூடாது என்று தாங்களாகவே திரும்பிவந்து பிரிந்துவிடுகிறார்கள். அதற்கு அப்புறம்தான் வீட்டார் மனம் இறங்குகிறது. விட்டுக்கொடுத்தது முதலில், கிடைத்தது பிறகு. அந்த வரிசையை மாற்றியிருந்தால் தியேட்டரில் யாரும் அழுதிருக்கமாட்டார்கள். மாமா கடையில் அந்த டிவிடி ராக்கில் நின்றதே கிடையாது.

உங்கள் ஊர் தியேட்டரில் எந்தக் காட்சிக்கு ஜனங்கள் திரையோடு பேசினார்கள்? படப் பெயரோடு எழுதுங்கள், குறிப்பாக 80-களின் படங்களைத் தியேட்டரில் பார்த்தவர்கள்.