பெயரும் முதலும் உள்ள பழைய கடைகளும் விமான நிறுவனங்களும் புதியவர்களிடம் ஏன் தடுமாறுகின்றன?

கேள்வி: தெற்குமாசி வீதிக்காரன்

மதுரை தெற்குமாசி வீதியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. 1976-இல் தாத்தா பித்தளையும் வெண்கலமும் வைத்துத் தொடங்கினார். அப்பா காலத்தில் எவர்சில்வர் வந்தது. பிறகு குக்கர், மிக்சி, கிரைண்டர், திருமணச் சீர்வரிசை என்று கடை விரிந்தது. இப்போது கல்லாவில் உட்காரும் முறை என்னுடையது.

கடைக்கு வருகிறவர்கள் மிக்சியை எடுத்துப் பார்க்கிறார்கள், ஜாரைத் திருகிப் பார்க்கிறார்கள், எத்தனை வாட் என்று கேட்கிறார்கள். பிறகு பெட்டியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு, "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம்" என்று போய்விடுகிறார்கள். எங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் எனக்கு 4,200 ரூபாய்க்குக் கொடுக்கும் அதே மிக்சி, இணையத்தில் 4,150 ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகிறது. "அவன் நட்டத்துக்கு விக்கிறான், எத்தனை நாளைக்குத் தாங்குவான்?" என்கிறார் அப்பா. அவர் இதைச் சொல்லத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற மாதம் சென்னைக்கு விமானத்தில் போனபோது இதே கேள்வி வேறு வடிவத்தில் எழுந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் விமானம் என்றாலே இந்தியன் ஏர்லைன்ஸ், ஜெட் ஏர்வேஸ் என்ற பெயர்கள்தான் நினைவுக்கு வரும். இன்று ஒன்று ஏர் இந்தியாவுடன் கலந்துவிட்டது, மற்றொன்று 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. 2006-இல் முளைத்த இண்டிகோவோ உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களை ஏற்றிச் செல்கிறது. பழையவர்களிடம் முதல் இருந்தது, பெயர் இருந்தது, அனுபவமும் வாடிக்கையாளரும் இருந்தார்கள். புதியவன் செய்வது ஒன்றும் பரம ரகசியமும் அன்று; எல்லோர் கண் முன்னாலும்தான் செய்கிறான். அப்படியிருக்க, அதையே மறுநாள் இவர்கள் ஏன் செய்ய முடிவதில்லை? "காலத்துக்கேற்ப மாறவில்லை" என்ற பதிலைத் தயவுசெய்து தவிர்க்கவும். அது நடந்ததைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை.


பதில் 1: கணக்கப்பிள்ளை

தம்பி, நான் கீழமாசி வீதி மண்டிகளுக்கும் சில ஜவுளிக் கடைகளுக்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியவன். உங்கள் கேள்விக்கு விடை உங்கள் பேரேட்டிலேயே இருக்கிறது.

நீங்கள் மாதம் நூறு மிக்சி விற்பதாக வைத்துக்கொள்வோம். கொள்முதல் 4,200, விற்பனை 4,600. ஒன்றுக்கு 400 வீதம் மாத லாபம் 40,000. போட்டிக்காக விலையை 4,300 ஆக்கினால் ஒன்றுக்கு 100 ரூபாய்தான் நிற்கும். அதே 40,000 கிடைக்க வேண்டுமானால் நானூறு மிக்சி விற்க வேண்டும். கடையில் நிற்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம் வந்தாலும் நூற்றைம்பதைத் தாண்டுவது அரிது. அப்போது கையில் நிற்பது 15,000. ஏனென்றால், இணையத்தைப் பார்க்காமல் உங்களை நம்பி 4,600 கொடுக்க வந்தவருக்கும் நீங்கள் 4,300-க்குத்தான் கொடுத்தாக வேண்டும். புதியவனுக்கு நேற்று வரை விற்பனையே இல்லை. அவனுக்கு ஒவ்வொரு நூறு ரூபாயும் வரவு. உங்களுக்கு ஒவ்வொரு விலைக்குறைப்பும் முதலில் செலவு, பிறகுதான் வரவு. ஆகவே ஒவ்வொரு மாதக் கணக்கையும் தனியாகப் பார்த்தால், விலையைக் குறைக்காத உங்கள் அப்பாவின் முடிவு சரியானது. நூற்றிருபது மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது தவறாகத் தெரியும். அப்படிச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நம் கணக்கு முறையில் இல்லை, அமெரிக்கக் கணக்கு முறையிலும் இல்லை.

அமெரிக்காவில் சியர்ஸ் என்ற நிறுவனம் நூறாண்டுக் காலம் தடித்த விலைப்பட்டியல் புத்தகத்தை வீடு வீடாக அனுப்பி, அஞ்சலில் ஆர்டர் வாங்கிப் பொருளை வீட்டுக்கே அனுப்பி வந்தது. அந்தப் பிரிவு நட்டம் காட்டியதால் 1993-இல் பொதுப் பட்டியலை நிறுத்தினார்கள். அமேசான் தொடங்கப்பட்டது 1994-இல். கிடங்கு, முகவரிப் பட்டியல், பார்சல் அனுப்பிய பழக்கம் எல்லாம் சியர்ஸிடம் இருந்தன. 2018 அக்டோபரில் அது திவால் மனு கொடுத்தது. 1993-இல் நான் அங்கே கணக்கு எழுதியிருந்தாலும் நட்டப் பிரிவை மூடச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது, சரக்குச் சுழற்சி. பத்து லட்சம் ரூபாய்ச் சரக்கை ஆண்டுக்கு மூன்று முறை சுழற்றி 25 விழுக்காடு எடுப்பவனுக்கு ஏழரை லட்சம். அதே சரக்கைப் பத்து முறை சுழற்றிப் பத்து விழுக்காடு எடுப்பவனுக்குப் பத்து லட்சம். குறைந்த விலைக்கு விற்பவன் எல்லாம் நட்டத்துக்கு விற்பதில்லை. உங்கள் மாடியில் மூன்று தீபாவளியைப் பார்த்த குக்கர் எத்தனை இருக்கிறது என்று ஒரு முறை ஏறிப் பாருங்கள்.


பதில் 2: பெருங்குடியான்

ஐயா எழுதிய கணக்கு விமானத்துக்கும் பொருந்தும். ஆனால் அங்கே சிக்கல் இன்னும் ஆழமானது. விமான நிலையத் தரைப்பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால் கண்ணால் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு ஏ320 விமானத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஓட்ட ஆறு லட்சம் ரூபாய் ஆகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் முன்பக்கம் அகலமான உயர்வகுப்பு இருக்கைகளைப் போட்டு மொத்தம் 150 பேரை ஏற்றினால், இருக்கைக்கு 4,000 ரூபாய் விழும். ஒரே வகுப்பாக 180 இருக்கைகளைப் போட்டால் 3,333. எரிபொருள் இருவருக்கும் அதே விலைதான், விமானிக்கும் ஏறத்தாழ அதே சம்பளம்தான். அடுத்தது நேரம். தரையில் நிற்கும் விமானம் வாடகையை மட்டும் தின்னும். தரையிறங்கிய விமானத்தை ஒரு மணி நேரத்தில் திருப்பி அனுப்புவதற்கும் அரை மணி நேரத்தில் அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு, நாளைக்கு ஆறு முறை சேர்ந்தால் மூன்று மணி நேரம். மதுரைக்கும் சென்னைக்கும் இடையே இரண்டு பயணங்கள் அதில் அடங்கிவிடும். சூடான உணவு ஏற்றும் வண்டி வரவில்லை என்று ஒரு விமானம் இருபது நிமிடம் காத்து நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உணவே ஏற்றாத விமானத்துக்கு அந்தக் கவலை இல்லை.

அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் 1971 முதல் போயிங் 737 என்ற ஒரே இனத்தை வைத்து இதைச் செய்து காட்டியது. ஒரே வகை என்றால் எந்த விமானியையும் எந்த விமானத்திலும் ஏற்றலாம், உதிரி பாகங்களை ஒரே அலமாரியில் வைக்கலாம். இண்டிகோ ஒரு விமானத்தைக்கூடப் பறக்கவிடும் முன்பே, 2005-இல், நூறு ஏ320 விமானங்களுக்கு ஒரே மூச்சில் ஆர்டர் கொடுத்தது. மொத்தக் கொள்முதலில் மலிவாகக் கிடைத்ததைக் குத்தகை நிறுவனத்திடம் விற்று, அதையே வாடகைக்கு எடுத்து, பெரிய பராமரிப்புச் செலவு வரும் வயதுக்கு முன் திருப்பிக் கொடுத்துவிடுவது அவர்களுடைய வழி.

இதைப் பழையவர்கள் பார்க்காமல் இல்லை. பார்த்து, மலிவுப் பெயரில் ஒரு தம்பியையும் பெற்றுக்கொண்டார்கள். ஜெட் ஏர்வேஸ் 2007-இல் ஏர் சஹாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கி ஜெட்லைட் ஆக்கியது. பிறகு ஜெட்கனெக்ட் என்று இன்னொன்று வந்தது. கிங்ஃபிஷர் ஏர் டெக்கானை வாங்கி கிங்ஃபிஷர் ரெட் என்று பெயர் மாற்றியது. 2012-இல் கிங்ஃபிஷர் முழுவதுமே நின்றது. பெயரும் வண்ணமும் மாறின. பின்னால் இருந்த சம்பள ஒப்பந்தமும் பல இன விமானங்களும் அலுவலகமும் பழையவையாகவே இருந்தன. எனக்கு இங்குதான் உங்கள் கேள்வியின் மையம் தெரிகிறது. பழைய நிறுவனம் என்பது பெரும்பாலும் அது யார் யாருக்கோ கொடுத்திருக்கும் வாக்குகளின் மூட்டை. ஊழியருக்கு இவ்வளவு சம்பளம், உயர்வகுப்புப் பயணிக்கு இந்த மரியாதை, இந்த ஊருக்கு இந்த நேரத்தில் விமானம் என்று ஒவ்வொன்றும் அன்றைய லாபத்தை நம்பிக் கொடுக்கப்பட்டது. லாபம் போன பிறகும் வாக்கு நிற்கிறது. புதியவன் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காமல் களத்துக்கு வருகிறான்.

விதிவிலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 2004-இல் தொடங்கிய ஜெட்ஸ்டார் நிலைத்துவிட்டது. அதன் தலைமையகத்தைத் தாய் நிறுவனம் இருக்கும் சிட்னியில் வைக்காமல் மெல்போர்னில் வைத்தார்கள், நிர்வாகமும் வேறு. தனிக்குடித்தனம் என்றால் அப்படி அடுப்பும் தனியாக இருக்க வேண்டும்.

மலிவு நிறுவனங்கள் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாப்பாடு, விருப்பமான இருக்கை, அளவுக்கு மிஞ்சிய சுமை ஆகியவற்றைச் சீட்டு விலையிலிருந்து பிரித்துத் தனியாகக் காசு வாங்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப்படும் விலை குறைவாகத் தெரிந்தது. ஒப்பிட முடியாதவற்றில் வரவு வந்தது.


பதில் 3: திருமங்கலத்தான்

மேலே இருவரும் எழுதியதைப் படித்தால் புதியவனாக இருந்தாலே வெற்றி என்பது போல் ஒரு தோற்றம் வருகிறது. பிழைத்தவனை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தெரியும்.

1997-இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷாவை மறந்துவிட்டோமா? மளிகையும் மருந்தும் மலிவாகக் கிடைக்கிறது என்று அண்ணாச்சி கடைகள் எல்லாம் அஞ்சின. நாடு முழுவதும் ஏறத்தாழ 1,600 கடைகள் வரை பெருகி, 2009-இல் சம்பளத்துக்கும் சரக்குக்கும் பணமில்லாமல் மூடிவிட்டார்கள். எங்கள் தெரு அண்ணாச்சி இன்றும் சிட்டையில் பற்று எழுதிக்கொண்டிருக்கிறார். விமானத்தில் மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டே இருக்கிறது. இவ்வூர் நூற்பாலைக் குழுமம் ஒன்று 2005-இல் பாரமவுண்ட் ஏர்வேஸைத் தொடங்கி, சிறிய எம்ப்ரேயர் விமானங்களை ஓட்டியது. 2010-இல் அது நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. இவை எல்லாம் ஒரு காலத்தில் பழையவர்களை அச்சுறுத்திய புதியவைதாம்.

வயதே காரணமன்று என்பதற்கு இன்னொரு சான்று: வால்மார்ட்டின் முதல் கடையும் கேமார்ட்டின் முதல் கடையும் ஒரே ஆண்டில், 1962-இல், திறக்கப்பட்டவை. வால்மார்ட் சிற்றூர்களைத் தேர்ந்து, ஒரு நாள் லாரி ஓட்டத்துக்குள் அடங்கும்படி கிடங்கைக் கட்டி, அதைச் சுற்றிக் கடைகளைப் பரப்பியது. கேமார்ட் 2002-இல் திவால் மனு கொடுத்தது.

ஆகவே கேள்வி கேட்டவரின் தந்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கொள்முதலுக்குக் கீழே விற்பவன் விழத்தான் செய்வான். ஆனால் அவன் விழுந்தால் வாடிக்கையாளர் உங்களிடம் திரும்பி வருவார் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை. அவருக்கு அந்த விலை பழகிவிட்டது; அதே விலைக்கு அடுத்துத் தருபவனைத் தேடிப் போவார். சுபிக்ஷா மூடிய பிறகு மலிவு மளிகை என்ற எண்ணம் மூடிவிடவில்லையே.


மறுமொழி: தெற்குமாசி வீதிக்காரன்

மூவருக்கும் நன்றி. கணக்கப்பிள்ளை ஐயா சொன்னபடி மாடிக்கு ஏறினேன்; எண்ணிக்கையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிறகு சென்ற ஆண்டின் பில்களை அப்பாவோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். கடையின் முன்பாதி முழுவதையும் மிக்சியும் கிரைண்டரும் அடைத்திருக்க, லாபத்தில் பெரும்பங்கு பின்பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. சீர்வரிசை வாங்க வருகிற குடும்பம் பத்துப் பேராக வந்து, அண்டாவிலிருந்து குத்துவிளக்கு வரை ஒரே நாளில் எடுத்து, பழைய பித்தளையை எடைக்குப் போட்டுக் கழித்துக்கொண்டு போகிறது. அவர்களில் யாரும் மாடல் எண்ணைப் படம் பிடிப்பதில்லை.

பெருங்குடியான் அண்ணன் எழுதிய கடைசிப் பத்தி என்னைத் தூங்கவிடவில்லை. எங்களிடம் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற பெரியவர் ஒருவர் இருபத்தெட்டு ஆண்டுகளாக இருக்கிறார். நாள், பெயர், அன்பளிப்பு கொடுத்தவர் ஊர் எல்லாவற்றையும் பிசிறில்லாமல் வெட்டுவார். அதற்கு நாங்கள் காசே வாங்குவதில்லை. எவனும் விற்கக்கூடிய மிக்சியில் லாபம் தேடிக்கொண்டு, இணையத்தால் தர முடியாததை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "தாத்தா காலத்திலிருந்து சும்மா வெட்டிக் கொடுக்கிறோம், இப்போது காசு கேட்டால் என்ன நினைப்பார்கள்?" என்றார். வாக்குகளின் மூட்டை என்று அண்ணன் எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன். இன்னொரு யோசனையும் வந்தது: பெரியவருக்கு வயதாகிவிட்டது, சம்பளமும் மற்றவர்களைவிட அதிகம், இயந்திரம் வாங்கி இளைஞர் ஒருவரை வைத்துவிடலாமா?


பதில்: கணக்கப்பிள்ளை

அந்த இரண்டாவது யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள், தம்பி. அமெரிக்காவில் மின்பொருள் விற்ற சர்க்யூட் சிட்டி 2007-இல், சம்பளம் அதிகம் என்று காரணம் சொல்லி அனுபவமுள்ள 3,400 விற்பனையாளர்களை ஒரே நாளில் அனுப்பியது. மறு ஆண்டு திவால் மனு. 2009-இல் கடைகளை மூடிவிட்டார்கள். மலிவு விலையோடு மோதுவதற்காகத் தன்னிடம் மட்டும் இருந்ததை முதலில் விற்றுத் தீர்த்தார்கள்.

காசு வாங்குவதைப் பற்றி: சீர்வரிசை முழுவதையும் உங்களிடம் எடுப்பவருக்கு வழக்கம்போல் இலவசமாகவே இருக்கட்டும், தாத்தாவின் வாக்கு அவர்களுக்குத்தான். வெளியில் வாங்கிய பாத்திரத்தைக் கொண்டுவந்து பெயர் வெட்டித் தரக் கேட்பவர்களை இப்போது என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலும் திருப்பி அனுப்புவீர்கள். அவர்களிடம் எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். அந்த அண்டாவை அவர்கள் இணையத்தில் வாங்கியிருந்தாலும் சரி. தை முகூர்த்தங்களுக்கு முன் பெரியவரின் மேசையைப் பின்கட்டிலிருந்து தெருப் பக்கம் கொண்டுவாருங்கள். மிக்சி அடுக்கியிருக்கும் இடம் அதற்குப் போதும்.