எழுந்து நின்னா கண்ணு இருட்டுது: தானியங்கு நரம்பு பற்றி நம்ம பக்கத்து அனுபவங்கள்

மன்னார்குடிப் பொண்ணு:

அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சர்க்கரை. போன கோடையிலேர்ந்து புதுசா ஒரு தொல்லை. மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வரும், சுவத்தைப் பிடிச்சுக்குவார். பித்தம்னு சொல்லி ஆளுக்கொரு வைத்தியம். எலுமிச்சம்பழச் சாறு, இஞ்சிச் சாறு. அத்தை மிளகாய் சுத்திப் போட்டாங்க. ஒரு நாள் கொல்லைப்பக்கம் போறப்போ விழுந்து புருவத்துல தையல். தையல் போட்ட இடத்துல உக்கார வெச்சு பிரஷர் பார்த்தாங்க. சரியா இருக்கு, வயசாகுதுல்லன்னு அனுப்பிட்டாங்க.

அப்புறம் காட்டின சர்க்கரை டாக்டர்தான் அப்பாவைப் படுக்க வெச்சு, கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தார். 150/86. எழுந்து நிக்கச் சொல்லி 3ஆவது நிமிஷம் பார்த்தா 112/70. மேல் அளவு 20 இல்லேன்னா கீழ் அளவு 10 இறங்கினாலே கோளாறுதானாம். அதைவிட அவர் கவனிச்சது நாடியை. இவ்வளவு பிரஷர் இறங்கினா இதயம் பதறி அடிக்கணும், அப்பாவுக்கு 78லேர்ந்து 82தான் ஏறிச்சு.

நாம எழுந்து நின்னதும் அரை லிட்டருக்கு மேல ரத்தம் காலுக்கும் வயித்துக்கும் இறங்கிடுமாம். கழுத்து ரத்தக்குழாயில இருக்கற உணர்விகள் உடனே மூளைத்தண்டுக்குச் சொல்ல, உடம்பை முடுக்கிவிடற பரிவு நரம்பு வழியாக் கட்டளை வந்து ரத்தக்குழாய் இறுகும், இதயம் வேகமெடுக்கும். நம்மளைக் கேக்காம நடக்கற வேலை இது, அதான் தானியங்கு நரம்புன்னு பேரு. பல வருஷச் சர்க்கரை அந்த நரம்பைத்தான் அரிச்சிருக்கு. சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குப் போறதால மத்தியானம் கூடுதல் கஷ்டம்.

இன்னொண்ணும் அப்பதான் புரிஞ்சுது. அப்பாவுக்குப் பாதம் காஞ்சு வெடிச்சுக் கிடக்கும், வேர்க்கவே வேர்க்காது. ஆனா சாப்பிட உக்காந்தா நெத்தியும் கன்னமும் மட்டும் ஊத்தும். தயிர்சாதத்துக்கே ஊத்தும்! அதுவும் இதே நரம்புக் கோளாறுதான்.

அப்பா புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போட்டுக்கிட்டிருந்தார். அதுவும் பிரஷரை இறக்கும்னு டாக்டர் மாத்திக் குடுத்தார் (நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க). கட்டில் தலைமாட்டுக் காலுக்குச் செங்கல் வெச்சோம். எழறதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சுட்டு, கட்டில் ஓரத்துல கொஞ்சம் உக்காந்துட்டு எழறார். சோத்தைக் குறைச்சு நாலஞ்சு வேளையாப் பிரிக்கறதுலதான் சண்டை. சொந்த வயல் நெல்லு, அரைத்தட்டு சோறுன்னா அவருக்கு அவமானம்.

வெண்ணாத்தங்கரை:

நம்ம கதை வேற. சம்பாப் பயிருக்கு மருந்து அடிக்கறப்போ கூட வேலை பார்த்த தம்பி சட்டை போடாம, எதிர்காத்துல அடிச்சுட்டான். டேங்க்கு வேற ஒழுகி முதுகெல்லாம் ஈரம். சாயங்காலம் பார்த்தா வாயில எச்சில் வடியுது, கண்ணுல தண்ணி, உடம்பு தெப்பமா வேர்வை, ரெண்டு தடவை பேதி. வீட்ல வெயில் பட்டுடுச்சுன்னு மோர் கரைச்சுக்கிட்டிருந்தாங்க. நான் டார்ச் அடிச்சுக் கண்ணைப் பார்த்தேன், கண்ணுப் பாப்பா சுருங்கி ஊசிமுனை அளவு. மருந்து டப்பாவையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் சொன்னது: நரம்பு முனையில அசிட்டைல்கோலின்னு ஒண்ணு சுரக்கும். வேலை முடிஞ்சதும் அதை உடைக்க ஒரு நொதி உண்டு. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுடும். அப்புறம் எச்சில், செரிமானம் மாதிரி வேலையைப் பார்க்கற எதிர்ப்பரிவு நரம்பு ஓயவே ஓயாது. எச்சில், சளி, பேதி எல்லாம் அதனால. நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு முட்டறதுதான் ஆளைக் கொல்லும். துணியைக் கழட்டி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, அட்ரோபின் ஊசி போட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒவ்வொரு ஊசிக்கும் நெஞ்சுல குழாய் வெச்சு, சளிச் சத்தம் அடங்கிச்சான்னு கேட்டுத்தான் அடுத்தது. பிழைச்சுட்டான்.

பாமணியாத்துக்காரன்:

காரம் சாப்பிட்டா எல்லாருக்கும்தான் முகம் வேர்க்கும் அக்கா. எனக்கும் நரம்பு போச்சா?

குடந்தை சிஸ்டர் (பணி ஓய்வு):

இல்ல தம்பி, காரத்துக்கு வேர்க்கறது இயல்பு. காரமே இல்லாத சாப்பாட்டுக்கும் ஊத்துதுன்னா, அதுலயும் சர்க்கரைக்காரங்கன்னா, டாக்டர்ட்ட சொல்லணும்.

நான் வார்டுல அதிகம் பயந்தது வேற ஒண்ணுக்கு. சர்க்கரைக்காரங்களுக்கு இதயத்துலேர்ந்து வலியைக் கொண்டுபோற நரம்பும் கெட்டுப் போயிருக்கலாம். மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காது. திடீர்னு வேர்வை, இளைப்பு, குமட்டல், அவ்வளவுதான். ஒரு அம்மா வாயுத் தொல்லைன்னு ராத்திரி முழுக்க ஓமத்தண்ணி குடிச்சுட்டு, காலையில பஸ் பிடிச்சு வந்தாங்க. ஈசிஜி எடுத்தா பெரிய அட்டாக்.

மன்னார்குடிப் பொண்ணு டாம்சுலோசின்னு சொன்னதும் செந்தேள் ஞாபகம் வந்துச்சு. அந்த விஷம் பரிவு நரம்பைத் தாறுமாறாத் தூண்டிவிடும். கை கால் சில்லிடும், பிரஷர் எகிறும், கடைசியில நுரையீரல்ல நீர் கோக்கும். ஒரு காலத்துல நிறையப் பிள்ளைங்க இதுல போயிடுங்க. மகாராஷ்டிராவுல மகாட்ங்கற ஊர்ல டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர்தான் 1980கள்ல பிரசோசின் குடுத்துக் காப்பாத்தலாம்னு காட்டினார். டாம்சுலோசினும் அதே ஜாதி மாத்திரைதான், ரெண்டும் ஆல்பா தடுப்பான், அதாவது ரத்தக்குழாயை இறுக்கற பரிவு நரம்புக் கட்டளையைத் தடுக்கறது. அப்பாவைக் கீழ தள்ளின குணமேதான் தேள் கொட்டின பிள்ளைக்கு உயிர் குடுக்குது. வைக்கோல் போர்ல கை விடறவங்க பார்த்து விடுங்க. கொட்டின இடத்துல வலி கம்மியா இருந்து, உடம்பு வேர்த்து கை கால் சில்லிட்டா மந்திரிக்க நிக்காதீங்க, வண்டியை எடுங்க.

வெண்ணாத்தங்கரை:

சிஸ்டர், மருந்து அடிச்ச துணியை வீட்டுத் துணியோட ஊறப் போடலாமா? வீட்ல கேக்கறாங்க.

குடந்தை சிஸ்டர் (பணி ஓய்வு):

கூடவே கூடாது அண்ணே. தனி வாளி, தனி சோப்பு, அலசறவங்க கையில ரப்பர் உறை. பிள்ளைங்க துணியோட சேர்க்காதீங்க. அலசின தண்ணியை வாய்க்கால்லயும் கொட்டாதீங்க.