பழைய ஹெர்குலிஸ் ஃபிரேமில் 1910-களின் சாயலில் மோட்டார் பொருத்திய சைக்கிள்: எங்கிருந்து தொடங்குவது?

தண்டையார்பேட்டைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் துறைமுக வேலைக்குப் போய்வந்த டபுள் பார் ஹெர்குலிஸ் சைக்கிள் ஒன்று எங்கள் வீட்டில் சும்மா நிற்கிறது. ஃபிரேமில் மேல்துரு மட்டுமே உள்ளது. இணைப்புகள் உறுதியாக இருக்கின்றன. இதை 1910-களில் அமெரிக்காவின் மரப்பலகை ஓடுதளங்களில் ஓடிய பந்தய வண்டிகளின் சாயலில், தாழ்ந்த கைப்பிடி, தட்டையான பெட்ரோல் டேங்க், தோல் இருக்கை ஆகியவற்றோடு மோட்டார் சைக்கிளாக மாற்ற விரும்புகிறேன். 48 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் அடங்கிய சீன கிட் ஒன்றை வாங்கலாம் என்று எண்ணம். டேங்க், கைப்பிடி, ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க் ஆகியவற்றைக் கடையில் வாங்காமல் நம் வடசென்னைப் பட்டறைகளிலேயே கையால் செய்துகொள்ள முடியுமா? முதலில் எதில் கை வைக்க வேண்டும்?

வியாசர்பாடி பட்டறைவாசி:

தம்பி, தாராளமாகச் செய்யலாம். படகு இன்ஜினுக்கும் லாரிக்கும் உதிரிபாகம் கடைந்து பழகிய லேத் பட்டறைகள் காசிமேட்டிலிருந்து மூலக்கடை வரை இருக்கும்போது, சைக்கிளுக்கு ஒரு புஷ் (தண்டு சுழலும் உள்வளையம்) கடைவது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. டேங்க் செய்வதற்கு மட்டும் லேத்காரரிடம் போகாமல், பழைய கார் பாடி தட்டிய டிங்கர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

உங்கள் வண்டியின் இரட்டைக் குறுக்குக் கம்பிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களில் தட்டை டேங்க் இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே தான் தொங்கியது. சைக்கிளில் அந்த இடைவெளி குறுகல் என்பதால், பக்கத்துக்கு ஒன்றாக இரு ஒடுக்கமான பெட்டிகளைச் செய்து, கீழே ஒரு சிறு குழாயால் இணைத்துப் பட்டைகளால் கட்டிவிடலாம். இரண்டும் சேர்ந்து 35 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம் வந்தால் ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும்; இந்த வண்டிக்கு அது போதும். 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத மெல்லிய இரும்புத் தகடு) வாங்குங்கள்; துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம், ஏனெனில் பற்றவைக்கும்போது அதிலிருந்து எழும் புகை நுரையீரலுக்குக் கேடு. மூடிக் கழுத்தையும் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் பொருந்தும் இடத்தையும் பித்தளையை உருக்கி ஊதி ஒட்டிக்கொள்ளலாம். கசிவு பார்க்கச் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்துச் சோப்பு நீரைத் தடவுங்கள். வேகமாக அடித்தால் தட்டைப் பக்கங்கள் உப்பிவிடும். ஒருமுறை பெட்ரோல் ஊற்றிய டேங்க்கைக் கசிகிறதென்று மறுபடி நெருப்புக்குக் கொண்டுபோகவே கூடாது. காலி டேங்க்கில் தங்கும் ஆவி வெடிக்கும்.

கைப்பிடிக்கு 22 மி.மீ. இரும்புக் குழாய் எடுத்து, உள்ளே மணலை இறுக நிரப்பி, இரு முனையிலும் மரக்கட்டை அடைத்து, கேஸில் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் மடிப்பு விழாது. மணல் நன்றாக வறுத்ததாக இருக்க வேண்டும்; ஈரம் இருந்தால் நீராவி கட்டையைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும், எதிரே நிற்பவர் கதி அதோகதி.

ஃபிரேமில் எங்கும் துளை போடாதீர்கள். கிட் தாங்கிகள் குழாய்க்கு ஒட்டி வரவில்லை என்றால் கீழ்க்குழாயில் துளையிட்டுப் போல்ட் மாட்டும் வழக்கம் பலரிடம் உண்டு. விரிசல் அந்தத் துளையில்தான் தொடங்கும். இரண்டு பாதியாகக் கடைந்த கிளாம்ப் போட்டுக் கவ்வ வையுங்கள். மெல்லிய குழாயில் ஆர்க் வெல்டிங்கும் ஆகாது. ஸ்பிரிங் ஃபோர்க் அழகுதான், ஆனால் அது உடைந்தால் முகம் தரையில். அதன் ஊசிகளை இ.என்.8 என்ற உறுதியான எஃகிலும் புஷ்களைக் கன்மெட்டல் என்ற வெண்கலக் கலவையிலும் கடைந்து, கிரீஸ் போட வழி வைப்பதாக இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள்.

ராயபுரம்13:

பட்டறைவாசி சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் கேட்டவர் இன்ஜினை முடிவு செய்துவிட்டுப் பேசுகிறார்; என் மறுப்பு அங்கேதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, நான்கு சக்கரத்துக்குக் குறைவான, 25 சிசிக்கு மேற்படாத இன்ஜின் கொண்ட வண்டியை 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்கு வெளியே விடுகிறது. 48 சிசி வைத்த மறுகணமே அது பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டிய வாகனம் ஆகிவிடுகிறது. பதிவு செய்ய வகை ஒப்புதல் (அந்த மாதிரி வண்டி விதிகளுக்கு உட்பட்டது என்ற சோதனைச் சான்று) வேண்டும். கையால் கட்டிய ஒற்றை வண்டிக்கு அதைப் பெறுவது நடைமுறையில் எட்டாத காரியம். விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். 25 சிசிக்குள் ஓடும் வண்டி ஒன்றும் புதுமையல்ல. திருவொற்றியூரில் புல்லட் செய்த என்ஃபீல்டு நிறுவனமே ஒரு காலத்தில் 22 சிசி மோஃபாவை விற்றது.

மின்மோட்டார் வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த திறன், மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத எடை என்ற வரம்புகளுக்குள் இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கும் சோதனை நிறுவனத்தின் சான்றோடு கட்டப்பட்டது. தவிர, பொய் இன்ஜின் பெட்டிக்குள் பேட்டரியை மறைத்துப் பழைய வண்டி என்று காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அது என் ரசனை, நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

எர்ணாவூர் வாசகர்:

சட்டத்தை விடுங்கள், வண்டி நிற்குமா என்று முதலில் பாருங்கள். கிட் இன்ஜினின் உள் பல்சக்கரக் குறைப்பு 4.1, முன் ஸ்புராக்கெட் 10 பல், பின் ஸ்புராக்கெட் 44 பல், ஆக மொத்தக் குறைப்பு ஏறக்குறைய 18. இன்ஜின் 5000 சுற்றில் ஓடினால் பின் சக்கரம் நிமிடத்துக்கு 277 முறை சுற்றும். ஹெர்குலிஸின் 28 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு 2.24 மீட்டர் போகும் என்பதால் வேகம் மணிக்கு 37 கி.மீ. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்த வேகத்தில் போய்க்கொண்டு, மழை நாளில் ராட் பிரேக்கை (கம்பியால் இழுத்து ரப்பர் கட்டையை ரிம்மில் அழுத்தும் பிரேக்) பிடித்துப் பாருங்கள்! குரோம் ரிம்மில் நனைந்த ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும்.

எந்த இன்ஜினானாலும் முன் சக்கரத்தில் டிரம் பிரேக் போடுங்கள். பழைய மொபெட் ஹப்பைப் புதுப்பேட்டையில் தேடலாம். வாங்கும் முன் ஸ்போக் துளைகளை எண்ணுங்கள். நம் ரோட்ஸ்டர்களில் முன்னே 32, பின்னே 40. ஹப்பும் ரிம்மும் ஒத்துப்போகாவிட்டால் ஹப்புக்கு ஏற்ற புது ரிம் வாங்க வேண்டும். பிரேக் தட்டு சுழலாமல் தடுக்கும் கையை ஃபோர்க்கோடு பலமாகக் கட்ட மறக்காதீர்கள். கடற்காற்றில் ஸ்போக் நிப்பிள் உப்புப் பூத்துப் பிடித்துக்கொள்ளும். கோக்கும்போதே எண்ணெய் தொட்டுக் கோத்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:

மூவருக்கும் நன்றி. 48 சிசி எண்ணத்தைக் கைவிடுகிறேன். 25 சிசிக்குள் நல்ல இன்ஜின் எது? மூலக்கடை மேம்பாலம் ஏறுமா?

வியாசர்பாடி பட்டறைவாசி:

புல் வெட்டும் கருவிகளில் வரும் ஹோண்டா ஜி.எக்ஸ்.25 ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் சரியாக 25 சிசி. எண்ணெய் கலக்கும் தொல்லை இல்லை, புகையும் குறைவு. அதே தோற்றத்தில் 26, 43, 52 சிசி இன்ஜின்களும் விற்கின்றன. இன்ஜின் மேல் உள்ள தகட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். திறன் ஒரு குதிரைத்திறன் அளவுதான்; மேம்பாலத்தில் நீங்களும் மிதித்துத்தான் ஆக வேண்டும். ஆரம்பகால வண்டிகளிலும் இதே கதைதான்: 1901-இல் வந்த ராயல் என்ஃபீல்டின் முதல் மோட்டார் சைக்கிள், ஒன்றரைக் குதிரைத்திறன் மினெர்வா இன்ஜினைக் கைப்பிடித் தண்டுக்கு முன்னால் வைத்து, நீண்ட தோல் பெல்ட்டால் பின் சக்கரத்தை இழுத்தது.

அந்தப் பெல்ட்டை நீங்களும் கடன் வாங்கலாம். இந்தச் சிறு இன்ஜின் 7000 சுற்றில் ஓடும். மணிக்கு 25 கி.மீ.க்குப் பின் சக்கரம் 186 சுற்று போதும். ஆகவே 37 அல்லது 38 மடங்கு குறைக்க வேண்டும். ஒரே கட்டத்தில் அது முடியாது. இன்ஜினிலிருந்து நடுத்தண்டு ஒன்றுக்குச் செயின் அல்லது பல்சக்கரத்தால் ஏழு மடங்கு, அங்கிருந்து பின் ரிம்மில் கட்டிய பெரிய புல்லிக்கு வி-பெல்ட்டால் ஐந்தரை மடங்கு குறைத்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். பக்கவாட்டில் பார்த்தால் 1910-ஆம் ஆண்டு வண்டி போலவே பெரிய வளையம் தெரியும். வலப்பக்கம் சைக்கிளின் மிதி செயின் இருப்பதால் இவை எல்லாம் இடப்பக்கம் வரும். பெல்ட்டும் நடுத்தண்டும் இடக்கால் பெடலையோ கணுக்காலையோ தொடாதபடி இடம் விட வேண்டும்; அட்டையில் புல்லியின் அளவை வெட்டி ஃபிரேமில் வைத்து, பெடலை முழுச் சுற்றும் சுற்றிப் பார்த்த பிறகு லேத்துக்குப் போங்கள்.