டிவிடி அச்சில் வளர்த்த பிசி12: நரம்பிழை வரியோடு போகாமல் தாறுமாறாக ஓடுகிறது

கேள்வி (கிருஷ்ணகிரி): எம்எஸ்சி பயோடெக் புராஜெக்ட், பிசி12 (நரம்புச் செல் போல இழை நீட்டும் எலிச் செல்) வளர்ப்பு மட்டும் பெங்களூரில் தெரிந்த ஆய்வகத்தில். நானோ வரிப்பள்ளம் உள்ள பரப்பில் நரம்பிழை அந்தத் திசையிலேயே நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். நுண் அச்சு செய்யும் கிளீன்ரூமுக்குக் காசில்லை. ரவுண்டானா பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ ஏற்ற வாங்கி மீந்த வெற்று டிவிடி-ஆர் கிடைத்தது, அதைப் பிளந்து, சாயத்தை எத்தனாலில் கழுவி, பிடிஎம்எஸ் (இறுகி ரப்பராகும் சிலிக்கோன், கடினமாக்கியோடு 10:1) ஊற்றி அச்செடுத்தேன். வரி இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர். அப்புறம் பரப்பில் தண்ணீர் ஒட்ட பிளாஸ்மா, செல் ஒட்ட கொலாஜன், பிறகு செல், இழை நீள வைக்கும் புரதமான என்ஜிஎஃப் 50 நானோகிராம்/மிலி. இழை நன்றாகவே நீள்கிறது, ஆனால் வரியில்லாத பிடிஎம்எஸ்ஸில் எப்படியோ அப்படியேதான் இதிலும்.

பதில் (ஓசூர்): அச்சு சரியாக விழுந்ததா? டியூப்லைட்டில் சாய்த்தால் வானவில் நிறம் வர வேண்டும். கொலாஜன் எவ்வளவு?

கேள்வி: நிறம் பளிச்சென்று வருகிறது அண்ணா. கொலாஜன் 1 மிகி/மிலி, நடுநிலையாக்கி 37 டிகிரியில் ஒரு மணி நேரம்.

பதில் (ஓசூர்): அங்கேதான் சிக்கல் தம்பி. நீ பூசவில்லை, ஜெல் கட்டியிருக்கிறாய். பள்ளத்தின் ஆழமே ஒரு மைக்ரோமீட்டரில் சிறு பங்குதான், அதன் மேல் ஜெல் மூடினால் செல்லுக்கு வரி எங்கே தெரியும், கொலாஜன் நாரைப் பிடித்துக்கொண்டு இஷ்டத்துக்குப் போகும். 0.02 நார்மல் செறிவுள்ள அசிடிக் அமிலத்தில் 50 மைக்ரோகிராம்/மிலி கரைத்து, நடுநிலையாக்காமல் ஒரு மணி நேரம் வைத்து, பிபிஎஸ்ஸில் (செல்லுக்கேற்ற உப்புக் கரைசல்) கழுவு.

பதில் (தர்மபுரி): அதோடு செல்லைக் குறைவாகப் போடு. பிசி12 கட்டி கட்டியாக ஒட்டும், 22 கேஜ் ஊசியில் சில முறை இழுத்துத் தள்ளிப் பிரி. நெருக்கமாக இருந்தால் இழை பக்கத்துச் செல்லைத்தான் தேடிப்போகும். துண்டை டிவிடியின் வெளி ஓரத்தில் வெட்டு, அங்கே வரி கிட்டத்தட்ட நேர்கோடு. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே, ஒவ்வொரு இழைக்கும் வரிக்கும் உள்ள கோணத்தை இமேஜ்ஜே என்ற பட அளவை மென்பொருளில் அள. திசையே இல்லையென்றால் 15 டிகிரிக்குள் ஆறில் ஒரு பங்கு விழும், அதைவிட எவ்வளவு கூடுகிறது என்பதே உன் முடிவு. ஆழமில்லாத வரியில் எல்லா இழையும் தண்டவாளம் போல ஓடாது. 1.6 மைக்ரோமீட்டர் சிடி-ஆர் அச்சும் ஒன்று வைத்துக்கொள், ஒப்பிட ஆகும். காசில்லை என்கிறாய், செல் வளர்ப்பு முன்னோடி ராஸ் ஹாரிசன் 1914-இல் சிலந்தி நூலை வைத்தே கருச்செல்கள் நூலைப் பற்றி நகர்வதைக் காட்டிவிட்டார்!

கேள்வி: சரி அக்கா. பிளாஸ்மாவை இங்கே கல்லூரியிலேயே முடித்து எடுத்துப் போகலாமா?

பதில் (ஓசூர்): வேண்டாம், காற்றில் கிடக்கக் கிடக்க பிடிஎம்எஸ் மறுபடி தண்ணீர் ஒட்டாததாகிவிடும். அங்கேயே பிளாஸ்மா போட்டு உடனே கொலாஜன் ஊற்று.