பேசுவேன் = பர்லாவொ

[மாலை 6:10] சின்னவன்: சித்தி, "சின்ன வயசுல பாட்டிகிட்ட தினமும் பேசுவேன்"னு இத்தாலியன்ல எழுதணும். பர்லெரோ போட்டேன், தப்புங்கறாங்க.

[6:12] சித்தி: 'பேசுவேன்'னு பார்த்ததும் எதிர்காலம் போட்டுட்ட, கண்ணா. தமிழ்ல பழைய வழக்கத்துக்கும் 'வேன்'தான். அங்க பர்லெரோன்னா இனிமேதான் பேசப்போற. பழைய வழக்கத்துக்கு இம்பெர்ஃபெத்தொங்கற இறந்தகாலம்: பர்லாவொ.

[6:15] மாமா: பர்லாரெங்கறது 'பேச'ங்கற மூல வடிவம். அதுல கடைசி 'ரெ'யை எடு. மிச்சத்துல நான், நீ, அவன், நாம, நீங்க, அவங்க வரிசையில வொ, வி, வ, வாமொ, வாதெ, வனொ ஒட்டு. லெஜ்ஜெரென்னா (படிக்க) லெஜ்ஜேவொ, தொர்மீரென்னா (தூங்க) தொர்மீவொ. அ, எ, இ அப்படியே நிக்கணும். எல்லாத்துக்கும் 'ஆவொ' போட்டு லெஜ்ஜாவொன்னு எழுதிடாதே.

[6:16] அக்கா: ஃபினீரெக்கு (முடிக்க) நிகழ்காலத்துல ஃபினிஸ்கொன்னு ஒரு 'இஸ்க்' நுழையுமே, அது இங்க வராது. ஃபினீவொ, அவ்ளோதான். எஸ்ஸெரெ (இருக்க) தனி வழி: ஏரொ, ஏரி, ஏர, எரவாமொ, எரவாதெ, ஏரனொ.

[6:20] சித்தி: உச்சரிப்புலதான் நிறைய பேர் சறுக்கறாங்க. அழுத்தம் விழற இடத்தை நெடிலா எழுதறேன், வாய்விட்டுப் படி:
பர்லாவொ, பர்லாவி, பர்லாவ
பர்லவாமொ, பர்லவாதெ
பர்லாவனொ
நாம, நீங்க ரெண்டுக்கும் அழுத்தம் ஒரு எழுத்து தள்ளிப் போகும். அவங்களுக்குத் திரும்ப 'லா'வுக்கே வந்துடும். பர்லவானொ இல்லவே இல்ல. 'வாதெ'யில வர்றது 'தம்பி'யோட த.

[6:24] சின்னவன்: "நேத்து ரெண்டு மணி நேரம் தூங்கினேன்"? நீண்ட நேரம்தானே, தொர்மீவொவா?

[6:27] மாமா: இல்லப்பா. ரெண்டு மணின்னு அளவு சொல்லி முடிச்சுட்ட. அது முடிஞ்சுபோனதைச் சொல்ற பஸ்ஸாதொ ப்ரொஸ்ஸிமொ: ஒ தொர்மீதொ. "தூங்கிக்கிட்டு இருந்தேன், அப்போ போன் அடிச்சுது"ன்னாதான் தொர்மீவொ; போன் அடிச்சதுக்கு மறுபடி பஸ்ஸாதொ. மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பாரு. '-கிட்டு இருந்தேன்' வந்தாலோ பழக்கத்தைச் சொல்ற 'வேன்' வந்தாலோ இம்பெர்ஃபெத்தொ. '-கிட்டு இருந்தேன்' கூட இவ்வளவு நேரம்னு அளவு வந்தா இந்தச் சோதனை கைவிடும்.

[6:31] சித்தி: பழைய எழுத்துல 'நான்'க்கும் பர்லாவதான், நானும் அவனும் ஒரே வடிவம். இத்தாலிய எழுத்தாளர் மான்ஸோனி தன் நாவலைத் திருத்தி 1840ல மறுபடி வெளியிட ஆரம்பிச்சப்போ ஃபிளாரன்ஸ் பேச்சுல இருந்த 'வொ'வை எடுத்துக்கிட்டார். இப்போ ஆறு விகுதியும் வேற வேற. நம்ம பேசினேன், பேசினான் மாதிரி 'நான்' போடாமலே விளங்கும்.

[6:35] சின்னவன்: ஒஞ்ஞி ஜோர்னொ பர்லாவொ கொன் ல நொன்ன.

[6:36] சித்தி: சரியா இருக்கு. நொன்னவுல (பாட்டி) ரெண்டு ன-வும் கேக்கணும். ஒத்தை ன போட்டு நோனன்னா 'ஒன்பதாவது'ன்னு ஆயிடும்.