அம்புக்குறி பள்ளத்தாக்கின் அந்தரத்தைக் காட்டுகிறது: ஹேட்ச் பாயிண்ட் மேசாவில் ஜியோகேஷ், உதவி தேவை

ஊர்சுற்றி:
வணக்கம் நண்பர்களே. யூட்டாவில் மோவாபுக்குத் தெற்கே இருக்கும் ஹேட்ச் பாயிண்ட் மேசாவில் (உச்சி தட்டையான, விளிம்பு செங்குத்தான மேட்டு நிலம்) ஒரு கேஷை, அதாவது ஜி.பி.எஸ். வைத்துத் தேடும்படி ஒளித்து வைத்த பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சாதாரண வகைதான், புதிர் கிதிர் எதுவும் இல்லை. ஐந்துக்குக் கடினம் 1.5, நிலப்பரப்பு 3.5. ஆன்டிக்லைன் ஓவர்லுக் போகும் கப்பிச் சாலை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு மேசா விளிம்பு வரை நடந்தால், இன்னும் 90 மீட்டர் என்கிறது ஜி.பி.எஸ். கருவி. அந்த 90 மீட்டரும் வெறும் காற்று. கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

விளிம்பு உள்ளும் வெளியுமாக வளைந்து போவதால், அடுத்த மூக்கில் போய் நின்றும் பார்த்தேன். அங்கே 130 காட்டியது. திரும்பி வந்தால் மறுபடி 90. கைக்கருவி, கைபேசி இரண்டும் ஒரே மாதிரிதான் சொல்கின்றன. ஹின்ட் இதுதான்: "சுவரின் காலடியில், தட்டைக் கல்லுக்குப் பின்னால்". மேலே சுவர் என்று சொல்ல எதுவும் இல்லை. இடுப்பளவுப் பாறைத் திட்டுகள் உண்டு, அவற்றின் அடியெல்லாம் பார்த்தாயிற்று. சமீபத்தில்கூட ஆட்கள் கண்டுபிடித்து லாக் (தேடல் குறிப்பு) எழுதியிருக்கிறார்கள், அதனால் கோஆர்டினேட் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. எங்கே இடிக்கிறது?

பாறைப்பல்லி:
முதலில் கருவியின் டேட்டம், அதாவது இடத்தைக் கணக்கிட அது எடுத்துக்கொள்ளும் அடிப்படை அளவை முறை, என்னவென்று பாருங்கள். ஜியோகேஷிங் முழுக்க டபிள்யூ.ஜி.எஸ். 84. பழைய அமெரிக்க நிலவரைபடங்களுக்கான என்.ஏ.டி. 27-இல் கருவி கிடந்தால், அந்தப் பக்கத்தில் பல பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். 90 என்றதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. கூடவே, பாகையும் தசம நிமிடமுமாகத்தானே உள்ளிட்டீர்கள்?

ஊர்சுற்றி:
இரண்டிலும் டபிள்யூ.ஜி.எஸ். 84 தான். எண்களைக் கையால் அடிக்கவில்லை, கோப்பாக இறக்கிக்கொண்டேன். மேலே சிக்னல் கிடையாது என்று தெரிந்து வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்திருந்தேன்.

பாறைப்பல்லி:
அப்படியென்றால் வடிவக் குழப்பமும் இல்லை. 30.500 நிமிடத்தை 30 நிமிடம் 50 நொடி என்று படித்தால் அறுநூறு மீட்டர் தாண்டிப் போய்விடும், 90-இல் நிற்காது.

தேன்சிட்டு:
எர்த்கேஷாக இருக்குமோ? அதில் பெட்டியே இருக்காது, பாறையைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் அனுப்பினால் போதும். கொலராடோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் அனுமதி இல்லாமல் பெட்டி வைக்க முடியாது என்பதால் அந்த மாதிரி வகைதான் அதிகம்.

ஊர்சுற்றி:
இல்லைங்க, இது பெட்டி உள்ள கேஷ், அளவு "சிறியது" என்று போட்டிருக்கிறது. இந்த இடம் பூங்காவும் இல்லை, நில மேலாண்மைப் பணியகத்தின் நிலம்.

குறுக்குவழி:
நண்பரே, கருவி சரி, கோஆர்டினேட் சரி. நீங்கள் நிற்கும் மாடிதான் வேறு. கேஷ் கீழே இருக்கிறது.

கேஷ் பக்கத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும்தான் கொடுப்பார்கள், உயரம் கொடுப்பதில்லை. கருவி சொல்லும் தூரமும் படத்தின் மேல் அளந்த தூரம்தான். சமவெளியில் இது யாருக்கும் உறைக்காது. மேசா விளிம்பில்தான் ஆளைச் சுற்ற வைக்கும். 90 மீட்டர் என்பது பக்கவாட்டுக் கணக்கு. அதே இடம் உங்களுக்குக் கீழே நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இருந்தாலும் அம்புக்குறிக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்துப் பாறை அடுக்கை யோசித்துப் பாருங்கள். நீங்கள் நின்றது பெரும்பாலும் கயென்டா அடுக்கு. கெட்டியான பாறை, படிப்படியாக உடையும். அதற்கு நேர் கீழே விங்கேட் மணற்கல், அதுதான் செங்குத்தாக நிற்கும் சிவப்புச் சுவர். மேலே கயென்டா தொப்பி மாதிரி மூடிக் காப்பதால்தான் விங்கேட் சரியாமல் சுவராகவே நிற்கிறது. சுவர் முடியும் இடத்தில் மென்மையான சின்லே அடுக்கு சரிவாக இறங்கும், உடைந்து விழுந்த பாறைகள் அதன் மேல் குவிந்து கிடக்கும். "சுவரின் காலடி" என்று ஹின்டில் இருப்பது அந்தச் சரிவின் உச்சி. கீழே இருக்கும் கேன் க்ரீக் ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்தால் 3.5 நிலப்பரப்பு பொருத்தமாகத்தான் இருக்கிறது.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. பழைய லாக்குகளைப் படியுங்கள். யாராவது ஓடையைக் கடந்ததாக எழுதியிருக்கிறார்களா?

நெட்டாங்கு:
விங்கேட் என்றே முடிவு கட்ட வேண்டுமா? விளிம்புக்குச் சற்றுக் கீழே கயென்டா படிகள் வருமே, ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று. அதில் ஒரு படியில் வைத்திருக்கலாம். மேலிருந்து இறங்க எங்காவது ஒரு பிளவு இருக்கும், தேடிப் பாருங்கள்.

குறுக்குவழி:
தயவுசெய்து இறங்கித் தேட வேண்டாம். கயென்டா படி விளிம்பிலிருந்து பத்து இருபது மீட்டர் வெளியே நீளலாம், 90 மீட்டர் நீளும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மணற்கல் படிகளில் இறங்குவது எளிது, ஏறுவதுதான் சிக்கல். சமஉயரக் கோட்டு வரைபடத்தைத் திறந்து கேஷ் புள்ளியை வைத்தால் சந்தேகமே இருக்காது. கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்த பட்டையாகத் தெரிவது சுவர். புள்ளி அந்தப் பட்டைக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

ஊர்சுற்றி:
அடடா. பட்டைக்கு வெளியேதான் விழுகிறது, கீழ்ப் பக்கம். லாக்கையும் தோண்டினேன். ஒருவர் "ஓடையில் தண்ணீர் சக்கரத்தின் பாதி வரை" என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் ஹர்ரா பாஸ் கணவாய்க்குப் போகும் வழியில் எடுத்ததாகச் சொல்கிறார். மேசா உச்சியில் ஓடைக்கு எங்கே போவது! வண்டியை எங்கே நிறுத்துவது என்று காட்டும் பார்க்கிங் வேபாயிண்ட் ஒன்றுகூட கேஷை வைத்த ஓனர் போடவில்லை. வரைபடத்தில் அருகில் தெரியும் சாலை மேலே இருப்பதுதான், யாராக இருந்தாலும் அங்கேதான் போவார்கள்.

சரி, கீழே எப்படிப் போவது? சாதாரணக் கார் போதுமா?

பாறைப்பல்லி:
மேலிருந்து நேராக இறங்கச் சாலை கிடையாது. நெடுஞ்சாலை 191-க்குத் திரும்பி, மோவாப் போய், அங்கிருந்து கேன் க்ரீக் சாலையைப் பிடிக்க வேண்டும். கொஞ்ச தூரம் தார், அப்புறம் மண். ஓடையை நேரடியாகக் கடக்க வேண்டிய இடம் வரும். தரையிடைவெளி அதிகமான வண்டி இருந்தால்தான் நிம்மதி. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை வந்தால் அந்த ஓடை சட்டென்று பெருகிவிடும், காலையிலேயே போய்விட்டு வாருங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டராவது வண்டியில் இருக்கட்டும்.

தேன்சிட்டு:
சரிவில் ஏறும்போது தரையைக் கவனியுங்கள். கருப்பாக, முடிச்சு முடிச்சாக, மொறுமொறுப்பாகத் தெரிவது வெறும் மண் அல்ல. நீலப்பச்சைப் பாக்டீரியாவும் பாசியும் லைக்கனும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உயிர்ப் படலம். ஒரு மிதியில் நொறுங்கும், பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். பாறை மேலோ நீரோடிய தடத்திலோ நடந்தால் பிரச்சினை இல்லை. கேஷ் தேடுகிறவர்கள் வட்டம் வட்டமாகச் சுற்றுவதில் இது அழிவதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

குறுக்குவழி:
இன்னொன்று. சுவரின் காலடிக்குப் போனதும் பாதி வானம் மறைந்துவிடும். செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் எண் ஆடும். திறந்த வெளியில் கைபேசி ஐந்து மீட்டருக்குள் காட்டும், அங்கே அதை எதிர்பார்க்காதீர்கள். 20 மீட்டருக்குள் வந்துவிட்டால் திரையை விட்டுவிட்டு தட்டைக் கல்லைத் தேடுங்கள். கல்லுக்குப் பின்னால் கையை விடும் முன் குச்சியால் தட்டுங்கள், விரியன் அங்கே உண்டு.

ஊர்சுற்றி:
கிடைத்துவிட்டது! சொன்னபடியே எண் 8, 31, 14 என்று குதித்துக்கொண்டிருந்தது. தட்டைக் கல்லைப் பார்த்ததும் கருவியைப் பையில் போட்டுவிட்டேன். பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது, லாக் புத்தகம் காய்ந்தே இருந்தது. மேலிருந்து அணுக முடியாது, கேன் க்ரீக் சாலை வழியாக வரவும் என்று லாக்கில் எழுதி, பார்க்கிங் வேபாயிண்ட் சேர்க்கச் சொல்லி ஓனருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறேன். முன்பு மேலே தேடியதற்கு டி.என்.எஃப். ("கிடைக்கவில்லை" என்ற லாக்) போடவில்லை, இப்போது போடலாமா?

குறுக்குவழி:
அந்தத் தேதியிலேயே போடுங்கள். அடுத்து மேலே போய் நிற்கிறவர் முதலில் படிப்பது அதைத்தான். அப்படியே இழைத் தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்த்துவிடுங்கள்.